விலாசம் இல்லாட்டியும் அவர் நம்ம வார்டுக்காரர்



ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தின ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்திருக்கீங்களா? ரத வீதி, மண்டபம், பஸ் ஸ்டாண்டுன்னு எங்க பார்த்தாலும் வெளியூர் ஜனம் துண்டை விரிச்சு, பையைத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. திருவிழா முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, அதே இடத்துல ஒரு பெரியவர் அதே மாதிரி துண்டை விரிச்சா மட்டும் அவருக்குப் பேர் வேற. பிச்சைக்காரன், குடிகாரன், பைத்தியம்.

முதலாமவருக்குத் திரும்பிப் போக வீடு இருக்கு. இவருக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பக்கத்துல உட்கார்ந்து பேசிப் பாருங்க. கல்யாண சீசன்ல சமையல் மாஸ்டரோட பாத்திரம் கழுவப் போறவரா இருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அப்போ சோறும் இல்லை, படுக்க மண்டபமும் இல்லை. மில்லுல ஷிப்ட் பார்த்து, உடம்பு ஒத்துழைக்காம நின்னவரா இருப்பார். மகன்கள் பாகம் பிரிச்சப்போ யார் பாகத்துலயும் வராம போன அம்மாவா இருப்பாங்க. பெண்கள் பெரும்பாலும் ராத்திரி படுக்கவே மாட்டாங்க, வெளிச்சம் இருக்கிற இடமா பார்த்து உட்கார்ந்தே விடிய வைப்பாங்க. ஏன்னு சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிறவரும் இருக்கார், மறுக்கல. வீட்டுக்குள்ள குடிக்கிறவங்களை நாம ஊரை விட்டா விரட்டுறோம்?

மனநலம் பாதிச்சு அலைகிறவர்களுக்குன்னு சட்டமே இருக்கு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவது காவல்துறையின் கடமை. அடுத்த ஊர் பஸ்ல ஏத்தி விடுறது தீர்வு கிடையாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 ராத்திரி, நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் தூங்கினவர்களைத் தேடிப் போய் எண்ணினாங்க. நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதி, லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க நிரந்தர இல்லம் வேண்டும் என்றது. அதே 2011 கணக்குப்படி ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். ஆக ரெண்டு ஊருக்கும் சேர்த்து 200 பேருக்கு இடம். இது கருணை இல்லை, கணக்கு.

இங்கதான் ஒரு விசயம் உறுத்துது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அரசு தபால் தலையே வெளியிட்டது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா அதே ஊர்ல ரோட்டோரம் படுத்திருக்கிற மனுசனுக்கு ஒரு தபால் வந்து சேர விலாசம் இல்லை. விலாசம் இல்லாம முதியோர் உதவித்தொகைக்கு அலைஞ்சா என்ன ஆகும்னு மனு எழுதிக் கொடுக்கிற நம்ம தோழர்களுக்கே தெரியும்.

விலாசம் இல்லைன்னா ஓட்டும் இல்லைன்னு பலர் நினைக்கிறாங்க. தப்பு. படிவம் 6-ல் வீடற்றவர் தான் படுக்கிற இடத்தையே எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு நாளைக்கு மேல் ராத்திரியில் வந்து, அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். அது உறுதியானா விலாசச் சான்று தேவையில்லை. இது தேர்தல் ஆணையத்தின் விதி.

"ஓட்டுக்காகத்தானே சொல்றீங்க?"ன்னு கேட்பாங்க. யாருக்குப் போடணும்கிறது அவங்க இஷ்டம். ஆனா வாக்காளர் பட்டியல்ல பேரே இல்லாத ஒருத்தரை எந்தக் கவுன்சிலர் திரும்பிப் பார்ப்பார்? நம்ம கட்சிக் கவுன்சிலரையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

பூத் பொறுப்பாளர்கள் ஐப்பசி மழைக்கு முன்னாடி, ராத்திரி பத்து மணிக்கு மேல உங்க பகுதியை ஒரு சுற்று வாங்க. கையில் நாலு படிவம் 6 இருக்கட்டும். முதல்ல பேரைக் கேளுங்க. வயசுல மூத்தவங்களை "ஐயா", "அம்மா"ன்னு கூப்பிடுங்க. சாப்பாடு கொடுத்தா கொடுங்க, ஆனா பொட்டலத்தோட அவங்க முகத்தைப் போட்டோ எடுத்துப் போடுற பழக்கத்தை இன்னையோட விட்டுருங்க, நம்ம பேஜ்லயும் அது வேண்டாம். எத்தனை பேர், அதுல பெண்கள் எத்தனை, மருத்துவம் வேண்டியவங்க எத்தனைன்னு எழுதி நகரச் செயலாளர்கிட்ட கொடுங்க. அந்தக் கணக்கோட ரெண்டு நகராட்சி ஆணையர்களிடமும் மனு கொடுப்போம். பெண்களுக்குத் தனி இல்லம் என்பது அதில் முதல் கோரிக்கை.