கைத்தொழில் தெரிந்தால் போதுமா?

“அவுஸ்திரேலியாவில் தொழில் தெரிந்தவர்களை மாநில அரசாங்கங்களே கூப்பிடுகின்றனவாம், உண்மையா?” என்று வாசகியர் சிலர் கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் எப்படிக் கூப்பிடுகின்றன, யாரைக் கூப்பிடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.

மாநிலத்தின் பரிந்துரையோடு கிடைக்கும் விசாக்கள் இரண்டு. 190ஆம் பிரிவு நிரந்தர வதிவிடம் தருவது. 491ஆம் பிரிவு 2019 நவம்பரில் வந்தது. ஐந்து வருடங்களுக்கான தற்காலிக விசா. அதில் போகிறவர் சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் ஆகிய பெருநகரங்களில் குடியிருக்க முடியாது. அடிலெய்ட், பேர்த், ஹோபார்ட், டார்வின் போன்ற இடங்களிலோ சிறுநகரங்களிலோ வசித்து வேலைசெய்ய வேண்டும். மூன்று வருடங்கள் அப்படி இருந்தபின் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். எம்மவர் பலருக்குச் சின்னம்மாவோ மாமாவோ சிட்னியின் வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் பக்கங்களில் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு 491 விசாவுக்குச் சரிவராது.

இரண்டு விசாக்களுக்குமே அழைப்புக் கிடைக்கும்போது 45 வயது பூர்த்தியாகியிருக்கக் கூடாது. குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். 34 வயதுப் பெண் ஒருவர் ஹோட்டல் சமையலறையில் ஐந்து வருடம் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறார். வயதுக்கு 25 புள்ளி. அவருடைய தொழிற் தகைமையை அங்குள்ள மதிப்பீட்டுச் சபை ஏற்றுக்கொண்டால் 10. ஐந்து வருட அனுபவத்துக்கு 10. வாழ்க்கைத்துணை இல்லாதவருக்கு 10. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் நான்கு பகுதிகளிலும் 6 எடுத்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு, புள்ளி கிடையாது. மொத்தம் 55. 190க்கான பரிந்துரை 5 புள்ளிதான் கூட்டும், எனவே 60, போதாது. 491க்கான பரிந்துரை 15 கூட்டும், 70 ஆகிவிடும். அதே பெண் ஆங்கிலத்தில் நான்கு பகுதிகளிலும் 7 எடுத்தால் மேலும் 10 புள்ளி கிடைத்து 190க்கும் தகுதி பெறுவார். ஆங்கிலத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

65 எடுத்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு வருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு எந்தத் தொழிலாளர் தேவை என்று தானே தீர்மானிக்கிறது. அந்தத் தேவைகள் வருடாவருடம் மாறும். சில மாநிலங்கள் ஏற்கனவே அங்கு வசித்து வேலைசெய்வோருக்கே கூடுதலான இடங்களை ஒதுக்குகின்றன. ஆகவே “பரிந்துரை நிச்சயம்” என்று எந்த முகவராவது சொன்னால் அவரை நம்ப வேண்டாம். விருப்பத்தை இணையத்தில் பதிவதற்கு அவுஸ்திரேலிய அரசாங்கம் ஒரு சதமும் அறவிடுவதில்லை.

எமது பெண்கள் பலருக்குத் தடையாக இருப்பது வேலை அனுபவம் என்ற பகுதி. அனுபவம் இல்லாமலில்லை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் தைத்தும் சமைத்தும் நோயாளரைப் பராமரித்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். ஆனால் புள்ளிக்குக் கணக்கெடுக்கப்படும் வேலை கூலி பெற்றதாக இருக்க வேண்டும்; வாரத்துக்கு 20 மணித்தியாலமாவது செய்திருக்க வேண்டும்; கடைசிப் பத்து வருடங்களுக்குள் இருக்க வேண்டும்; விண்ணப்பிக்கும் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். அத்தனைக்கும் எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள். முதலாளி கையில் எண்ணித் தந்த கூலிக்கு எங்கே ஆதாரம்? இந்த முறை எமது பெண்களுக்கு நியாயமானதல்ல என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் விதி அதுதான்.

எனவே இப்போது வேலையில் இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. சம்பளச் சிட்டை கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று பாருங்கள். அது உங்கள் சட்ட உரிமையுங்கூட. முடிந்தால் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வேலையை விட்டு விலகும்போது, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைப் பெறுங்கள். “நல்ல பிள்ளை, நேர்மையானவர்” என்ற நற்சான்றிதழ் இதற்கு உதவாது.

தொழில் தெரியும், சான்றிதழ் இல்லை என்பவர்களுக்கும் இலங்கையில் வழி உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் உங்கள் திறமையைச் சோதித்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ.) தருகிறார்கள். ‘நைட்டா’ எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். இந்தச் சான்றிதழை அவுஸ்திரேலியா அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதில்லை. அங்குள்ள சபை வேறாக மதிப்பிடும். உள்ளூரில் நல்ல சம்பளம் கேட்பதற்கும் இது உதவும். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் க.பொ.த. பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம்.

காசு கொடுத்தால் அனுபவக் கடிதம் செய்து தருவோம் என்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். போலி ஆவணம் பிடிபட்டால் விசா மறுக்கப்படுவதோடு மூன்று வருடங்களுக்கு வேறு விசாவும் கிடைக்காமற் போகலாம்.

பிள்ளைகளோடு போக நினைக்கும் தாய்மார் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தந்தையின் சம்மதத்தை, அல்லது பிள்ளையை அழைத்துச் செல்லச் சட்டப்படி உரிமை உண்டென்பதற்கான ஆவணத்தைக் கேட்பார்கள். கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவராயின், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் கீழ் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். விசா விடயத்தில் அது மட்டும் போதுமா, நீதிமன்றக் கட்டளையும் தேவைப்படுமா என்பதைப் பணம் எதுவும் கட்டுவதற்கு முன்னரே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.