திரும்பி வந்த நீதியரசர்

காட்பாடி ரயில் நிலையத்தில் வங்காள மொழி காதில் விழாத நாளில்லை. வேலூருக்கு மருத்துவம் தேடி வருவோரில் வங்கதேசத்தவரும் பலர். அவர்களைக் காணும்போதெல்லாம் நீதியரசர் ஷஹாபுதீன் அகமதுவை நினைத்துக்கொள்வேன்.

1990 டிசம்பர் 6 அன்று மக்கள் எழுச்சிக்கு முன் நிற்கவியலாமல் எர்ஷாத் பதவி துறந்தார். எதிர்க்கட்சிகள் ஒருமித்து ஏற்றது தலைமை நீதிபதி ஷஹாபுதீனை. தேர்தல் முடிந்ததும் நீதிமன்றம் திரும்ப வேண்டும் என்னும் நிபந்தனையோடுதான் அவர் இடைக்கால அரசின் தலைமையை ஏற்றார். 1991 பிப்ரவரி 27இல் தேர்தல் நடந்தது. அவர் திரும்புவதற்காக அரசியலமைப்பே திருத்தப்பட்டது. அக்டோபரில் பழைய இருக்கைக்கு மீண்டார்.

பிழை பின்னர் நேர்ந்தது. கடைசியாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதியே இடைக்கால அரசை நடத்த வேண்டும் என்று 1996இல் விதி செய்தார்கள். உடனே கட்சிகளின் கண் நீதிபதிகளின் வயதின்மேல் விழுந்தது. 2004இல் ஓய்வு வயது 65இலிருந்து 67 ஆனபோது, தமக்கு வேண்டியவரை அமர்த்தவே இத்திருத்தம் என எதிர்க்கட்சி குமுறியது. 2006இல் தெருக்களில் குருதி சிந்திற்று. 2007 ஜனவரியில் நெருக்கடிநிலை வந்தது. 2011இல் அவ்விதியே நீக்கப்பட்டது.

நாற்காலியைச் சட்டமாக்கலாம். அதிலிருந்து எழுந்து செல்லும் மனத்தை எவ்வாறு சட்டமாக்குவது? ஓய்வுக்குப் பின் நீதிபதிகளுக்குப் பதவி காத்திருக்கும் எந்நாடும், நம் நாடும், எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.