சுவிட்சை அணைத்தால் போதுமா?

ஐப்பசி பிறந்து இடி இறங்கத் தொடங்கிவிட்டால், மறுநாள் காலையில் கணினி சர்வீஸ் கடைகளின் வாசலில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்பதுதான் எல்லோர் வாயிலும். எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குக் கூடுதலாக ஒரு மனக்குறை. "சுவிட்சை அமத்திட்டுத்தான தம்பி கடையைப் பூட்டுனேன். பொறவு எப்படிப் போவும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் சுவரில் இருக்கும் சுவிட்ச் ஃபேஸ் வயரை மட்டுமே துண்டிக்கிறது. பிளக் செருகியிருக்கும்வரை நியூட்ரலும் எர்த்தும் கணினியோடு ஒட்டித்தான் இருக்கின்றன. சுவிட்சுக்குள் விழும் இடைவெளியும் சில மில்லிமீட்டர்தான். 230 வோல்ட்டைத் தடுக்க அது போதும். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலிடம் அது என்ன பேச முடியும்?

அண்ணாச்சி கடையில் மின்னல் கரண்ட் வழியாக வரவுமில்லை. மொட்டை மாடிகளைத் தாண்டித் தாண்டி இழுத்து வந்த இணைய வயர் வழியாக வந்திருக்கிறது. இடி நம் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தெருத் தென்னையில் விழுந்தாலும், நீளமாக ஓடும் செம்புக் கம்பிகளில் ஒரு கணம் மின்னழுத்தம் எகிறும். அது ரவுட்டரைக் கொன்று, லேன் வயரில் ஏறி, மதர்போர்டில் முட்டும். "எங்க வீட்டுல ஃபைபர்தானே" என்பவர்களுக்கும் ஒரு சொல்: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, உண்மை. ஆனால் ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் அடாப்டர் கரண்டில்தான் செருகியிருக்கிறது. அதிலிருந்து கணினிக்கு வருவதும் செம்பு வயர்தான்.

சரி, கணினி எழவில்லை. எல்லா வயர்களையும் பிடுங்கிவிட்டு முதலில் மூக்கை நம்புங்கள்; கருகிய வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்பைக் பஸ்டரை ஒதுக்கிவிட்டு, வேறு வயரில் நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். செத்தது ஸ்பைக் பஸ்டராகவே இருப்பதும் உண்டு. பல மதர்போர்டுகளில் கரண்ட் வந்ததும் ஒரு சிறு விளக்கு எரியும். எரியாவிட்டால் சந்தேகம் கணினிக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல்.

அதைச் சோதிக்க மெக்கானிக்குகள் ஜெம் கிளிப்பை எடுப்பார்கள். கரண்டைத் துண்டித்து, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஏதாவதொரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு கரண்ட் கொடுப்பார்கள். மின்விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸுக்கு உயிர் இருக்கிறது. (சில பிராண்டட் கணினிகளில் கனெக்டர் வேறு மாதிரி இருக்கும், அங்கே இந்த வேலை வேண்டாம்.) உயிர் இருப்பது வேறு, ஆரோக்கியம் வேறு. மல்டிமீட்டரில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட், 5 சதவீதத்துக்கு முன்பின்னாகக் காட்ட வேண்டும். எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் தேங்கி நிற்கலாம்.

அண்ணாச்சியின் எஸ்எம்பிஎஸ் நன்றாகவே இருந்தது. பட்டனை அழுத்தினால் மின்விசிறி ஒரு உதறு உதறி நின்றுவிடும். எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றி, பிராசசரும் ஒரேயொரு ரேமும் மட்டும் வைத்துப் பார்த்தோம். அதே உதறல். முதலில் போன கடையில் "போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சிப் லெவல் வேலை தெரிந்த இன்னொரு பையன் லேன் போர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறு சிப்பைச் சூடுகாற்றால் எடுத்துப்போட்டான். கணினி எழுந்துவிட்டது. இணையத்துக்கு ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் போதுமானதாயிற்று. எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. மதர்போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. அப்போதும் எஸ்எம்பிஎஸைச் சோதிக்காமல் அதன் தலையில் புது போர்டைக் கட்டும் கடையிலிருந்து கிளம்பிவிடுவதே நல்லது. அடிபட்ட எஸ்எம்பிஎஸ் புது போர்டையும் தின்றுவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஹார்டு டிஸ்க். போர்டைக் கடையில் வாங்கலாம், உள்ளே இருக்கும் கணக்கையும் கல்யாணப் படங்களையும் வாங்க முடியாது. எனவே சிபியூவைக் கடையில் விடுவதற்கு முன்பே டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் வேறு கணினியில் போட்டு நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க் சுற்றவேயில்லையா? அதிலுள்ள பாதுகாப்பு டயோடு தான் அடியை வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கலாம். தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் இருக்கின்றன. "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிரும்" என்பவரிடம் சிக்கிவிடாதீர்கள். மின்னல் அடிக்கு ஃபார்மட் மருந்தல்ல.

ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்றால், எகிறும் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்ப அதற்கு நல்ல எர்த் வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருப்பதில்லை. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மழைக்கு முன்பே எர்த்தைப் பார்த்துவிடுங்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். இலவசம்தான். வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் வயரையும் பிடுங்குங்கள். இடி தொடங்கிவிட்டதென்றால் எந்த வயரையும் தொடாதீர்கள். கணினி போனால் போகட்டும்.