மாற்று பேட்டரி வாங்கப் போகிறீர்களா? முதலில் பெருக்கிப் பாருங்கள்!

லேப்டாப் வாங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனதும் பெரும்பாலான வீடுகளில் எழும் புகார் ஒன்றுதான். "சார்ஜ் நிற்க மாட்டேங்குது." நாம் இப்போதுதானே வாங்கியிருக்கிறோம், நமக்கு எதற்கு இது என்று புதியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில், ஒருவர் பயன்படுத்திய பின் சரிசெய்து விற்கப்படும் லேப்டாப்பை வாங்கியிருந்தால் இந்தப் புகார் முதல் மாதத்திலேயே வந்துவிடும். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது.

திருச்சியில் இருக்கும் பெரியப்பா, ஓய்வு பெற்ற பிறகு தன் முதல் லேப்டாப்பை வாங்கினார். முழுதாகச் சார்ஜ் செய்தாலும் 25 நிமிடத்தில் அணைந்துவிடும். வீட்டில் ஒருவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தால், மிக்சி முதல் மோடம் வரை எது கெட்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். "ஏம்ப்பா, நீயே நல்லதா பார்த்து ஒரு பேட்டரி வாங்கிக் கொடுத்துடு" என்றார். சர்வீஸ் சென்டரில் 4,200 ரூபாய் சொன்னார்கள். இணையக் கடை ஒன்றில் அதே மாடலுக்கு 1,450 ரூபாய். பழையதை விடக் கூடுதல் கொள்ளளவு என்று வேறு போட்டிருந்தது. நான்கரை ஸ்டார். யோசிக்காமல் ஆர்டர் செய்து, ஊருக்குப் போனபோது அடிப்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றி நானே மாட்டியும் கொடுத்தேன். பெரியப்பாவுக்குப் பெருமை.

ஐந்தாவது மாதம் பெரியம்மா போன் செய்தார். "அந்த விரல் வச்சுத் தேய்க்கிற இடம் பூரி மாதிரி உப்பிட்டு இருக்குப்பா. பெரியப்பா அது மேல டிக்‌ஷனரியைத் தூக்கி வச்சு அமுக்கிட்டு இருக்காரு."

எனக்குக் கை கால் ஓடவில்லை. உப்பியது டச்பேட் இல்லை. அதன் அடியில் இருக்கும் பேட்டரி. உள்ளே வாயு சேர்ந்து வீங்கிய லித்தியம் பேட்டரியின் மேல் அழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புத் தாள் கிழிந்து ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம். அந்த லேப்டாப்பைக் கட்டிலின் மேல் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடுவது பெரியப்பாவின் வழக்கம். அதே கட்டிலில்தான் பேத்தியும் தூங்குவாள். உடனே சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி, ஷட் டவுன் செய்து, மொட்டை மாடியின் சிமெண்ட் தரையில் நிழலாக, பக்கத்தில் எதுவும் இல்லாதபடி வைக்கச் சொன்னேன். மாலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பேட்டரியைக் கழற்றினார். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. விற்றவருக்கு மெயில் அனுப்பினேன். மூன்று மாத வாரண்டி முடிந்துவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

மெக்கானிக் அனுப்பிய போட்டோவில்தான் அந்த பேட்டரியின் லேபிளை முதன்முறையாக நிதானமாகப் படித்தேன். 11.4 வோல்ட். 5200 மில்லி ஆம்பியர் மணி. 42 வாட் மணி.

இந்த மூன்று எண்களையும் நீங்களே சரிபார்க்கலாம். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் வாட் மணி வர வேண்டும். 5200 மில்லி ஆம்பியர் மணி என்பது 5.2 ஆம்பியர் மணி. 11.4 ஐ 5.2 ஆல் பெருக்கினால் 59.28. லேபிளிலோ 42 என்று இருக்கிறது. இதில் ஏதோ ஒரு எண் பொய். கழற்றி வைத்திருந்த பழைய ஒரிஜினல் பேட்டரியின் லேபிளைப் பார்த்தேன். 11.4 வோல்ட், 3684 மில்லி ஆம்பியர் மணி, 42 வாட் மணி. பெருக்கினால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 42 வருகிறது. ஒரிஜினலின் லேபிளைப் பார்த்து அச்சடித்தவர், கவர்ச்சிக்காக நடுவில் உள்ள எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு வாட் மணியை மாற்ற மறந்திருக்கிறார் என்பது என் ஊகம். பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. நான்கு ஆண்டுகள் இன்ஜினியரிங் படித்த நான் ஸ்டார்களை எண்ணினேனே தவிர இதைப் பெருக்கிப் பார்க்கவில்லை.

பெருக்கல் சரியாக வந்தால் மட்டும் பேட்டரி நல்லது என்று ஆகிவிடுமா? ஆகாது. சாமர்த்தியமான போலி, மூன்று எண்களையும் சேர்த்தே ஏற்றியிருப்பான். ஆனால் தன் லேபிளிலேயே முரண்படும் பேட்டரியை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். அதே போல, ஒரிஜினலின் அதே நீள அகல உயரத்தில் ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொள்ளளவு கூட வேண்டும் என்றால் உள்ளே பொருள் கூட வேண்டும். அதற்கு இடம் வேண்டும்.

பழைய மாடல் லேப்டாப்புகளில் பின்பக்கம் கழற்றி மாட்டும் கட்டை பேட்டரி இருக்கும். அதற்குள் இருப்பவை பெரும்பாலும் 18650 எனப்படும் உருளை செல்கள். 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம். பெயரே அளவைச் சொல்லிவிடும். பெயர் பெற்ற நிறுவனங்களின் செல்களிலேயே பரவலாகக் கிடைக்கும் உச்ச அளவு 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் 9900 என்று அச்சடித்த செல்கள் இணையத்தில் சர்வ சாதாரணமாக விற்கப்படுகின்றன. பழைய பேக்குகளில் இருந்து பிரித்தெடுத்த செல்லுக்குப் புது பிளாஸ்டிக் சட்டை போட்டு விற்பதும் நடக்கிறது. இதே செல்கள்தான் பல இ-சிகரெட் கருவிகளிலும். இந்தியாவில் இ-சிகரெட் விற்பனை 2019லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. விற்பனை இருக்கும் நாடுகளில் உதிரி செல்லைச் சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போட்டுத் தொடையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத உதிரி 18650 செல்களைப் பொதுமக்கள் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021ல் எச்சரித்தது. எனவே "பழைய கட்டைக்குள்ள செல்லை மட்டும் மாத்தித் தரேன் சார், பாதி விலைதான்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேட்டரி என்பது வெறும் செல் மட்டும் அல்ல. உள்ளே சிறிய சர்க்யூட் போர்டு ஒன்று உண்டு. வழக்கமான லித்தியம் அயன் செல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, சூடு ஏறினால் சார்ஜை நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது வெளியே தெரியாத இந்த இடத்தில்தான்.

சரி, ஒரிஜினல் என்றால் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். 2006 ஆகஸ்ட்டில் டெல் நிறுவனம் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம். எல்லாவற்றிலும் இருந்தவை சோனி தயாரித்த செல்கள். லித்தியம் அயன் பேட்டரியை 1991ல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்ததே சோனிதான்! தயாரிப்பின்போது உள்ளே சிக்கிய நுண்ணிய உலோகத் துகள்கள் ஷார்ட் ஆக வைத்தன. ஆக, பெரிய நிறுவனங்களும் தவறும். ஆனால் அங்கே திரும்பப் பெற ஓர் ஆள் இருந்தார். எந்த எண்ணுள்ள பேட்டரி யார் கையில் இருக்கிறது என்று தேட ஒரு வழி இருந்தது. எனக்கு 1,450 ரூபாய்க்கு விற்றவரை நான் எங்கே போய்த் தேடுவது? நான் கூடுதல் விலை கொடுக்கச் சொல்வது பிராண்டு மோகத்தால் அல்ல, இந்தக் காரணத்தால்தான்.

வாங்கும் முன், கோளாறு பேட்டரியில்தானா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோவைத் திறக்கவும். ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லையும் அதனுடன் ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, முன் சாய்வுக் கோடு போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்ற இரு சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையில் காட்டும். அந்த ஃபைலை பிரவுசரில் திறந்தால் 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என இரண்டு எண்கள் கிடைக்கும். முதலாவது பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்டது. இரண்டாவது இப்போது கொள்வது. இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றலாம். எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள். பின்னணியில் ஓடும் புரோகிராம்களையோ திரையின் வெளிச்சத்தையோ கவனியுங்கள்.

புது பேட்டரி போட்ட பின்னும் இந்த அறிக்கையை எடுக்கலாம். ஆனால் அதை முழுக்க நம்ப முடியாது. பேட்டரியின் சிப்பில் எழுதியிருப்பதைத்தான் விண்டோஸ் படித்துச் சொல்கிறது. சிப்பில் பொய் எழுதியிருந்தால் பொய்யைத்தான் படிக்கும். கடிகாரம் பொய் சொல்லாது. சாதாரண டைப்பிங், பிரவுசிங் வேலையில் உங்கள் லேப்டாப் 10 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கிறது என்றால், 42 வாட் மணி பேட்டரி நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் படுத்துவிட்டால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பித் தந்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது? தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கிடைத்தால் அங்கேதான். லேப்டாப்பின் விலையில் கால் பங்கு கேட்கிறார்களே என்று எரிச்சலாகத்தான் இருக்கும். பழைய மாடலுக்கு "ஸ்டாக் இல்லை, புது லேப்டாப் வாங்கிக்கங்க" என்று கையை விரிப்பதும் உண்டு. நம்மைப் போலிகளிடம் தள்ளுவதில் நிறுவனங்களுக்கும் பங்கு இருக்கிறது என்பேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இயற்றிய பேட்டரி சட்டத்தில், இது போன்ற கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், அந்த மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும் என்று வைத்து, 2027 பிப்ரவரியில் இருந்து என நாளும் குறித்தது. நம் ஊரிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் இல்லை என்றால், நேரில் போய்ச் சண்டை போடக்கூடிய தூரத்தில் உள்ள கடையில் வாங்குங்கள். பில், தேதி, குறைந்தது ஆறு மாத வாரண்டி இவற்றை எழுத்தில் கேளுங்கள். பேட்டரியின் மேல் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற மொபைல் ஆப்பில் கொடுத்தால் அது யாருக்குத் தரப்பட்டது என்று காட்டும். கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். தப்பில்லை. "ஒரிஜினல் சார், ரொம்ப நாளா அப்படியே பேக்கிங்ல இருக்கு" என்று தருவதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும்.

வீங்கிய பேட்டரியைக் குத்திக் காற்றை வெளியேற்ற முயல வேண்டாம். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். கூரியரிலும் அனுப்ப வேண்டாம். பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஒப்படைக்கும் இடத்தைச் சொல்வார்கள்.

பெரியப்பாவின் லேப்டாப்பில் இப்போது 4,200 ரூபாய் பேட்டரி இருக்கிறது. பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கட்டிலில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தைப் பெரியம்மா நிறுத்திவிட்டார். சார்ஜர் இப்போது ஹால் மேஜையை விட்டு நகர்வதில்லை. போன வாரம் பெரியப்பா போன் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பவர் பேங்க்கின் லேபிளைப் படித்துக் காட்டினார். "3.7 வோல்ட், 20000ன்னு போட்டிருக்கு, 74 வாட் மணியாம். பெருக்கிப் பார்த்துட்டேன், சரியா வருது. பதிவு நம்பரும் போட்டிருக்கு, அதை எந்த ஆப்புல பார்க்கணும்னு சொன்ன?"