தஞ்சை காணும் முறை

விடுமுறை வந்ததும் பழம்பெரு நகரங்களைக் காணச் செல்லும் வழக்கம் நம் மாணவரிடையே பெருகிவருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயின், சென்றவர் கண்டுவந்தது யாது என வினவுமிடத்து நாம் பெறும் விடை பெரும்பாலும் மனநிறைவு தருவதாயில்லை. இதற்குத் தஞ்சை மாநகர் ஒன்றையே சான்றாகக் கொள்வோம்.

தஞ்சைக்குச் செல்வோர் பெரிய கோயிலில் அரைமணி நேரம் உலவுகின்றனர்; நந்தியின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர்; விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எவரோ கூறக் கேட்டு வியந்து திரும்புகின்றனர். ஏறக்குறைய 200 அடி உயர்ந்த அவ்விமானத்தின் நிழல் காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நீண்டு கிடத்தலைக் கண்ணுடையார் எவரும் காணலாம். அந்நிழலிலே நின்றுகொண்டே நிழலில்லை என்று வியப்பாரும் உளர்!

மெய்யான வியப்பு அங்கு நிரம்ப உண்டு. அக்கோயில் தன் வரலாற்றைத் தன் சுவரிலேயே தாங்கி நிற்கின்றது. கி. பி. 1010-இல் அதனை நிறைவு செய்த முதலாம் இராசராச சோழர், தாம் ஈந்தவற்றையும், தம் தமக்கையும் தேவியரும் பிறரும் ஈந்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டனர். எனினும், பிற்காலத்தில் அவ்வெழுத்தைப் படிப்பார் அருகினமையின், கரிகாலன் கட்டிய கோயில் என்ற கதை வழங்கலாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சுவரைப் படித்து வெளிப்படுத்திய பின்னரே உண்மை நிலைபெற்றது. தமிழெழுத்தின் அருகே தமிழர் பன்னெடுங்காலம் நடந்து சென்றும் படித்திலர் என்பது நாம் நாணத்தக்க செய்தியன்றோ?

அச்சுவர் கூறுவன பல. ஒரு விளக்கிற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள் விடப்பட்டன. ஆடல் மகளிர் 400 பேர் பல ஊர்க் கோயில்களினின்றும் கொணரப்பட்டு, தெருவும் வீடும் குறித்துக் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்தம் பெயர்கள் இன்றும் கல்லில் உள்ளன. ஈழத்து ஊர்களும் இக்கோயிலுக்கு வருவாய் அளிக்க விதிக்கப்பட்டன. இவற்றைப் படிப்போர்க்குப் பெருமிதம் மட்டுமன்று, வினாவும் எழும். அம்மகளிரை எவரேனும் விருப்பம் கேட்டனரா? ஈழத்து உழவன் யாது எண்ணினான்? சுவர் இவற்றைக் கூறவில்லை. ஆயினும், சுவரைப் படித்தவனுக்கன்றி இவ்வினாக்கள் தோன்றா.

இளைப்பாறச் செல்வோர்க்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். யாவரும் கல்வெட்டறிஞர் ஆகவேண்டும் என்பது நம் கருத்தன்று. விரைவைக் குறைத்தலே நாம் வேண்டுவது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் கோவிந்தசாமி அவர்கள், 1931-இல், கருவறையைச் சூழ்ந்த இருண்ட நடையில் நாயக்கர் கால ஓவியங்களின் கீழே சோழர் ஓவியங்கள் மறைந்திருத்தலைக் கண்டறிந்தனர். நின்று நோக்குவார்க்கே இத்தகைய பேறு கிட்டும். கோயிலுக்கு அணித்தேயுள்ள சுவார்ட்சு ஐயர் ஆலயத்தில், சரபோஜி மன்னர் தம் ஆசானின் நினைவாக ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு செய்வித்த சலவைக்கற் சிற்பம் உள்ளது. இறக்குந் தறுவாயிலிருக்கும் போதகரின் கையை இந்து மன்னர் பற்றி நிற்கும் அக்காட்சியை, எதிரே வந்தும் காணாது செல்வார் எத்துணையர்!

ஆகவே, மாணவ நண்பர்களே, தஞ்சைக்குப் புறப்படுமுன் ஒரு மாலைப்பொழுதை நூலகத்தில் கழியுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுள் இரண்டாவதைப் புரட்டி, ஒரேயொரு கல்வெட்டையேனும் படித்துச் செல்லுங்கள். பின்னர் அச்சுவரின்முன் நின்று, நீங்கள் படித்த பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒருவரின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தவர், தஞ்சையைக் கண்டேன் என்று கூற உரிமையுடையர்.