பருப்பில் தன்னிறைவு: மண்ணுக்குள் காத்திருக்கும் சவால்

புது தில்லி: பருப்பு உற்பத்தியில் தன்னிறைவு காண, ரூ.11,440 கோடி மதிப்பிலான இயக்கத்தை மத்திய அரசு 2025 அக்டோபரில் தொடங்கியது. 2030-31-க்குள் உற்பத்தியை 350 லட்சம் டன்னாக உயர்த்துவது இலக்கு. துவரை, உளுந்து, மசூர் ஆகியவற்றுக்கு முன்னுரிமை. 88 லட்சம் விதைத் தொகுப்புகளை இலவசமாக வழங்கவும் திட்டம். ஆனால், விதை விழும் மண்ணிலேயே துவரையின் பழைய எதிரி காத்திருக்கிறது.

துவரை வாடல் நோய்க்குக் காரணமான ஃபுசேரியம் உடம் என்ற பூஞ்சாணத்தை, பிகாரின் பூசாவில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் எட்வின் பட்லர் 1910-இல் விவரித்தார். வேர் வழியே நுழையும் இது, நீர் செல்லும் குழாய்களை அடைத்து, பூத்துக் காய்க்கும் தறுவாயில் செடியைச் சாய்க்கிறது. அறுவடைக்குப் பின்னும் வேர்க்கட்டைகளில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்கிறது. நோய் தெரிந்தபின் மருந்து தெளித்துப் பயனில்லை.

இதை விதைப்பின்போதே தடுக்க உதவுவது டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம். நோய்ப் பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, நொதிகளால் அவற்றின் சுவரைச் சிதைக்கிறது. வேரருகே இடத்தையும் உணவையும் முந்திக்கொள்கிறது. கிலோ விதைக்கு 4 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. செலவும் குறைவு.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இது உயிருள்ள பொருள். இதை ஆளும் பூச்சிக்கொல்லிச் சட்டமோ ரசாயனங்களை மனதில் கொண்டு 1968-இல் இயற்றப்பட்டது. ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிரலகுகள் இருக்க வேண்டும் என்பது பதிவு விதி. ஆலையில் இருந்த எண்ணிக்கை, கோடை வெயிலில் கடையில் கிடந்த உறையில் ஜூன் மாத விதைப்புவரை நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. செத்த தூளுக்கும் உயிருள்ள தூளுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. பயிர் வாடும்போதுதான் விவசாயிக்கு உண்மை தெரியும். அத்துடன் அவரது நம்பிக்கையும் போகும். மறுபடியும் கார்பன்டாசிமை நாடுவார். டிரைக்கோடெர்மாவையே முடக்கக்கூடிய ரசாயனம் அது.

கார்பன்டாசிம், திரம் உள்ளிட்ட 27 மருந்துகளைத் தடை செய்ய மத்திய அரசு 2020 மே மாதம் உத்தேசித்தது. 2023-இல் வந்த இறுதித் தடைப் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெறவில்லை. நம்பகமான மாற்று கைக்கு எட்டாதவரை, தடைக் கோரிக்கைக்கு விவசாயிகளிடம் வலு சேராது.

1968 சட்டத்துக்கு மாற்றாக 2008, 2020 ஆண்டுகளில் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. ஆனால், சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிப்பதில் மாநில அரசுகளின் ஆய்வாளர்களுக்கே பெரும்பங்கு உண்டு. காரிஃப் விதைப்புக்கு முன் கடைகளில் சோதனை, வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியே அந்தந்த மாவட்டத்திலேயே தயாரிப்பு ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலவச விதையுடன் உயிருள்ள பூஞ்சாணமும் உரிய காலத்தில் வயலைச் சேராவிட்டால், 350 லட்சம் டன் கனவின் ஒரு பகுதி பூக்கும் பருவத்திலேயே வாடிப்போகும்.