யாருக்குப் பொருந்தும் மீன்?

சிறிய பவளத் தொட்டிக்கு எந்தெந்த மீன்கள் பொருந்தும் என்ற கேள்வி பெருநகரங்களைத் தாண்டி எங்கள் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கேள்வியோடு விடையும் ஆயத்தமாகவே வருகிறது. கட்டம் போட்ட ஓர் அட்டவணை. பச்சைக் கட்டமானால் சேரும், சிவப்பானால் சேராது. குளிர்நாட்டு வரவேற்பறைகளுக்காக எழுதப்பட்ட இந்த அட்டவணையைத் தமிழில் பெயர்த்து, மீன்வளர்ப்புக் கலை என்று பெயர்சூட்டி வழங்குவோரோடு எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்கிறோம்.

சொல்வதற்குரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுவோம். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதற்கு இணையாகும். நூறு லிட்டர் தொட்டியில் மூன்றாவதாக ஒன்றை விட்டால் ஒளிய இடமின்றி அடிபட்டே சாகும். டேம்செல் மீன் விலை மலிவு, உடல் உறுதி, குணம் பொல்லாதது. முதலில் குடியேறிவிட்டால் தொட்டி முழுவதையும் தன் பட்டாவாகக் கருதிப் பின்வருவனவற்றை விரட்டும். ஆகவே சாதுவை முதலிலும் சண்டைக்காரனைக் கடைசியிலும் விடவேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிரிகளையே கொறித்து வாழ்பவை. சிங்க மீன் தன் வாய் கொள்ளும் எதையும் விழுங்கும். பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் கிளீனர் ராஸும், நுண்ணிய ஓட்டுடலிகளை நாள் முழுதும் பொறுக்கித் தின்னும் மாண்டரினும் சிறு தொட்டியில் மெல்லப் பட்டினி கிடந்தே மடியும். இவையெல்லாம் உண்மை. வளர்க்கத் துணிந்தவர் கட்டாயம் அறியவேண்டியவை.

ஆனால் இந்த அறிவு முழுவதும் மீனுக்கும் மீனுக்கும் உள்ள பொருத்தம் மட்டுமே. மீனுக்கும் நீருக்கும், நீருக்கும் ஊருக்கும், ஊருக்கும் கடலுக்கும் பொருத்தம் பார்த்தவர் யார்? பத்துப் பொருத்தம் பார்க்காமல் பெண் கொடுக்காத நாட்டில், கடலையே வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு பொருத்தம் போதும் என்பது வியப்பே.

நீரிலிருந்து தொடங்குவோம். கடல்நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு. நூறு லிட்டர் தொட்டியில் மூன்று லிட்டர் ஆவியாகிப் போனால் அது 36ஐத் தாண்டிவிடும். பெருங்கடலில் எளிதில் நேராத மாற்றம் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓரிரு நாளில் நேரும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் விடப்படும் மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு சாகிறது. கடல் பெரிதாயிருப்பதனால் பிழைகளைப் பொறுக்கிறது. தொட்டி சிறிதாயிருப்பதனால் எதையும் பொறுப்பதில்லை. "தொடக்கக்காரருக்குச் சிறிய தொட்டி" என்ற அறிவுரையைப் போலத் தலைகீழானது வேறில்லை.

அடுத்து வெப்பம். பவளத்தின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளே அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பாசி வெளியேறும், பவளம் வெளிறும், சூடு தணியாவிட்டால் மடியும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. ஒரு வளைகுடாவுக்கே தாங்காத வெப்பத்தை, கோடையில் மின்சாரம் நின்றால் ஓய்ந்துபோகும் ஒரு குளிரூட்டியை நம்பி ஆவுடையார்கோவில் வீட்டுக் கூடத்தில் வெல்லப் போகிறோமா?

இனி கடல். எங்கள் வட்டத்தின் மீமிசல் கரையில் நின்று பார்த்தால் தெரிவது பாக் விரிகுடா. ஆழமற்ற, சேறு கலந்த நீர். அடியில் கடற்புல் வெளிகள். அந்தப் புல்லை மேயும் கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் அது. பவளம் தெற்கே, மண்டபம், இராமேஸ்வரம் பக்கமும் அதற்கப்பால் தூத்துக்குடி வரையிலான தீவுகளைச் சுற்றியும் இருக்கிறது. அந்தத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரிலேயே பவளக் கற்களைக் காணலாம். வெட்டியதன் விளைவையும் காணலாம்: விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன.

2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அது. எடுப்பது மட்டுமன்று, வைத்திருப்பதும் குற்றம். கடைகளில் 'லைவ் ராக்' என்று விற்கப்படும் கல் பெரும்பாலும் பவளத்தின் எலும்பே. நம் கடலிலிருந்து வந்ததானால் அதற்கும் இதே சட்டம்தான். எந்த மீன் பவளத்தைக் கடிக்கும், எது கடிக்காது என்று இரண்டு பக்கம் எழுதுபவர், அந்தப் பவளம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுத மறப்பதை மறதி என்று நாங்கள் ஏற்கமாட்டோம். மூச்சடக்கி மூழ்கி எடுத்தவன் பிடிபட்டால் சிறை செல்வான். அவன் பெயர் செய்தித்தாளில் வரும். வாங்கியவரின் வரவேற்பறையில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு அட்டவணையில் எந்த நிறம்?

எங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு. கண்ணால் கண்டால்தானே கடலை நேசிப்பார்கள் என்பது ஒன்று. காணட்டும்; வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? சென்னைக் கடற்கரையில் 1909லேயே மக்கள் பார்க்கக் கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. ஊருக்கு ஒன்றாகப் பொதுவில் வைத்துப் பேணுவது வேறு, வீட்டுக்கு ஒன்றாகக் கொன்று பழகுவது வேறு.

பவளமில்லாத தொட்டி போலி, செயற்கை என்பது மற்றொன்று. இதைச் சொல்பவரை எங்கள் ஊருக்கு அழைக்கிறோம். ஆத்மநாதர் கோயில் கொடுங்கையை அண்ணாந்து பார்க்கட்டும். மரச் சட்டமும், அதில் அறைந்த ஆணியும், கட்டிய கயிறுமாகத் தோன்றுவது அத்தனையும் கல். மரத்தைப் போலச் செய்த கல்லைப் போலி என்று இதுவரை எவரும் பழித்ததில்லை. மூலத்தானத்திலோ ஆவுடையார் மட்டும். மேலே இலிங்கம் இல்லை. இல்லாததையும் வணங்கத் தெரிந்த ஊரில், பவளமில்லாத கல்லை அழகென்று காணக் கண் பழகாதா?

ஆகவே எங்கள் பரிந்துரை இது. கடல்மீன் வளர்த்தே தீரவேண்டும் என்பவர் இயன்றவரை பெரிய தொட்டி வாங்கட்டும். அதில் சாதாரணப் பாறையையோ சுட்ட மண்ணையோ அடுக்கட்டும். ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்துப் பொறுக்கட்டும். பிறகு பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஓர் இணையை விடட்டும். மண்டபத்தின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியிருக்கின்றன. கடல் சாமந்தி இல்லாமலும் அவை வாழும். அந்த இரண்டோடு நிறுத்தட்டும். பிற கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அவற்றில் எது எதனோடு பொருந்தும் என்று ஆராய்வதற்கு முன், எங்கே, எப்படிப் பிடித்தார்கள் என்று கடைக்காரரைக் கேட்கட்டும். விடை வராத மீன் எந்தத் தொட்டிக்கும் பொருந்தாது.

அரசன் பொன்னோடு குதிரை வாங்கக் கீழைக் கரைக்கு வந்த அமைச்சர், திருப்பெருந்துறையில் நின்றார், குதிரையை மறந்தார் என்கிறது தலபுராணம். கடல்வழி வரும் உயிருக்குக் காசை நீட்டுமுன் சற்று நின்று யோசிப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. அட்டவணையை மடித்து வைத்துவிட்டு நாமும் ஒருமுறை நிற்போம்.